ரிவால்வர் குண்டு எல்லாம் இடது கீழ் மூலைக்கே போகிறது: கோளாறு என் கையிலா, துப்பாக்கியிலா?

மூர்த்தி, மயூர் விஹார்:

வணக்கம். டெல்லிக்கு வந்து 26 வருஷம் ஆகிறது, ஆனால் துப்பாக்கி பிடிக்கத் தொடங்கி ஏழு மாதம்தான். மாமனார் வைத்திருந்த பழைய .32 ரிவால்வர், அமெரிக்காவில் செய்தது, நாலு அங்குல பேரல், சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும், ஆறு அறை. அவர் போன பிறகு லைசென்ஸை என் பெயருக்கு மாற்ற அலைந்த கதையை இன்னொரு நாள் சொல்கிறேன். இவ்வளவு அலைந்து வாங்கியதை பீரோவில் பூட்டி வைப்பதில் அர்த்தமில்லை, வீட்டில் ஆயுதம் இருந்தால் அதைக் கையாளவாவது தெரிந்திருக்க வேண்டும் என்று மாதத்தில் இரண்டு ஞாயிறு ரேஞ்சுக்குப் போகிறேன்.

பிரச்சினை இதுதான். 15 மீட்டரில் அட்டையின் நடுவைக் குறிவைத்துச் சுட்டால் ஆறில் நாலு குண்டு கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் திசையில், நடுவிலிருந்து ஏறக்குறைய நாலு அங்குலம் தள்ளிப் போய் விழுகிறது. மீதி இரண்டு அதன் இஷ்டத்துக்கு எங்கேயாவது. நான் வலது கைக்காரன், இரண்டு கையாலும் பிடித்துத்தான் சுடுகிறேன். தோட்டாவை அடிக்கிற ஹேமரைப் பின்னால் இழுத்து வைத்துச் சுடுவது கள்ள ஆட்டம் என்று ரேஞ்சில் ஒருவர் சொன்னதால் எப்போதும் ட்ரிகரை இழுத்தே ஹேமரைத் தூக்கிச் சுடுகிற டபுள் ஆக்‌ஷன்தான்.

அதே மனிதர்தான், குண்டு கீழே போனால் பேரல் நுனியில் குறிபார்க்க இருக்கிற ஃப்ரண்ட் சைட்டைக் கொஞ்சம் அரம் போட்டுத் தேய்த்துவிடுங்கள், மேலே ஏறிவிடும் என்றும் சொன்னார். சைட் நிலையானது, திருகித் திருத்த வழியே இல்லை. பின் சைட் என்பது மேல் சட்டத்தில் வெட்டிய ஒரு பள்ளம், அவ்வளவுதான். தேய்க்கலாமா? வயது 53, ப்ரோக்ரஸிவ் கண்ணாடி போடுகிறேன், அதுவும் காரணமாக இருக்குமோ தெரியவில்லை.

கோபால், கரோல் பாக்:

ஏழு மணி என்றால் ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கிறீர்கள். இணையத்தில் வட்டமாக ஒரு படம் சுற்றுகிறதே, இந்தப் பக்கம் போனால் இந்தத் தப்பு, அந்தப் பக்கம் போனால் அந்தத் தப்பு என்று, அதைப் பாருங்கள். எல்லாம் அதில் இருக்கிறது.

சுபேதார் (ஓய்வு), முனிர்கா:

கோபால், அந்தப் படம் ஒற்றைக் கையில் சுடும் வலது கைக்காரர்களுக்காக வந்தது. இரண்டு கையால் பிடிக்கிறவருக்கு அதை அப்படியே போட்டால் பாதி சரியாக வரும், பாதி வராது. இடது கைக்காரருக்கு இடம் வலமாக மாறிவிடும். ஜுரம் என்றதும் மாத்திரை எழுதிக் கொடுக்கிற கதைதான் அது. இந்த விஷயத்தில் நீங்கள் சொன்னது அநேகமாகச் சரிதான், ஆனால் மூர்த்தி அதை நம்ப வேண்டாம், அவரே கண்ணால் பார்க்கட்டும்.

மூர்த்தி, முதலில் அரத்தைக் கீழே வையுங்கள். ஃப்ரண்ட் சைட்டின் உயரத்தைக் குறைத்தால் குண்டு மேலே ஏறும் என்பது உண்மை. ஆனால் தேய்த்த இரும்பு திரும்ப முளைக்காது. இன்றைக்குக் கை செய்கிற தப்புக்காக சைட்டைத் தேய்த்து வைத்தீர்கள் என்றால், ஆறு மாதம் கழித்துக் கை திருந்தும்போது எல்லாக் குண்டும் மேலே போகும். பட்டாளத்தில் புதுப் பையனின் குரூப்பிங் ஒரு இடத்தில் கூடாதவரை அவன் ஜீரோவில், அதாவது சைட்டைத் திருத்துவதில், கை வைக்க விடமாட்டோம். முதலில் குண்டுகள் ஒன்றோடொன்று சேர வேண்டும், எங்கே சேருகிறது என்பது அப்புறம்.

அடுத்த ஞாயிறு முதல் வேலையாக மணல் மூட்டையில் கையை வைத்துச் சுடுங்கள். பேரலை மூட்டையிலோ கட்டையிலோ வைக்கக் கூடாது, பிடித்திருக்கிற கையும் மணிக்கட்டும்தான் மூட்டையில் உட்கார வேண்டும். ஹேமரைப் பின்னால் இழுத்து வைத்து, சிங்கிள் ஆக்‌ஷனில், அவசரமில்லாமல் பன்னிரண்டு குண்டு. கள்ள ஆட்டம் என்று சொன்னவர் சொல்லிக்கொண்டு போகட்டும், இங்கே நாம் துப்பாக்கியைப் பரிசோதிக்கிறோம், உங்களை இல்லை. அப்புறம் நன்றாகச் சுடுகிற ஒருவரிடம், ரேஞ்ச் அதிகாரி அனுமதித்தால், ஆறு குண்டு சுடச் சொல்லுங்கள். அவருக்கும் இடது கீழே போனால் துப்பாக்கியைப் பற்றிப் பேசலாம்.

அடுத்ததுதான் முக்கியம். ரிவால்வரில் இருக்கிற வசதி பிஸ்டலில் கிடையாது. பக்கத்தில் நிற்பவரிடம் துப்பாக்கியைக் கொடுத்து மூன்று அறையில் தோட்டாவும் மூன்றில் சுட்ட காலி கேஸும் (வெடித்த தோட்டாவின் வெற்று உறை) கலந்து போட்டு, சிலிண்டரைச் சுற்றி மூடித் தரச் சொல்லுங்கள். எதில் தோட்டா இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. எப்போதும் போலக் குறிவைத்து இழுங்கள். காலி கேஸில் ஹேமர் விழும்போது வெடி இல்லை, உதை இல்லை, ஆனால் பேரல் நுனி முங்கி எழும். அந்த முங்கல்தான் உங்கள் நாலு அங்குலம். சத்தம் வரப்போகிறது என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்து, வரும் உதையைக் கை கீழே அழுத்தித் தடுக்கப் பார்க்கிறது. எனக்கும் இது இருந்தது, இருபது வருஷம் சர்வீஸ் போட்ட பிறகும் இருந்தது, சொல்ல வெட்கமில்லை.

இரண்டு எச்சரிக்கை. 'டிக்' என்று மட்டும் கேட்டால் அது காலி கேஸ்தான் என்று நினைத்து உடனே திறக்க வேண்டாம். வெடிக்காத தோட்டாவாகவும் இருக்கலாம். முப்பது வினாடி அட்டையை நோக்கியே பிடித்திருந்து அப்புறம் திறங்கள். இன்னொன்று, சினிமாவில் மணிக்கட்டை உதறி சிலிண்டரை மூடுவார்களே, அதைச் செய்தால் சிலிண்டரைத் தாங்குகிற இரும்புக் கை வளைந்துவிடும், பிறகு அந்தத் துப்பாக்கி என்றைக்கும் நேராகச் சுடாது. காலி கேஸ்களைத் தொலைத்துவிடாதீர்கள், நான் தோட்டா வாங்கும் கடையில் அதற்குக் கணக்குக் கேட்பார்கள்.

காதுக்கு என்ன போடுகிறீர்கள்? பஞ்சு என்று சொன்னால் திட்டுவேன்.

மூர்த்தி:

நன்றி சார். பஞ்சு இல்லை, ஆனால் ரேஞ்சில் கொடுக்கிற நுரை அடைப்பான் மட்டும்தான். பக்கத்து லேனில் பெரிய துப்பாக்கி வெடித்தால் எனக்குத் தூக்கிப் போடுவது உண்மை.

சுபேதார் (ஓய்வு), முனிர்கா:

அதன் மேல் காதை முழுக்க மூடுகிற இயர் மஃபும் போடுங்கள். பாதி பயம் சத்தத்தால்தான், உதையால் இல்லை. .32-க்கு உதை என்று என்ன பெரிதாக இருக்கப் போகிறது?

ஷாலினி, ஆர்.கே. புரம்:

மூர்த்தி சார், நான் 25 மீட்டர் ஸ்போர்ட்ஸ் பிஸ்டல் சுடுகிறவள், ரிவால்வர் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. ஆனால் சைட்டும் கண்ணும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

.32 என்றால் குறி நிற்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நம் பிஸ்டல் வீரர் ஜஸ்பால் ராணா 2006-ல் தோஹா ஆசியப் போட்டியில் 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்த சென்டர் ஃபயர் (தோட்டாவின் அடி நடுவில் ஊசி அடிக்கிற வகை) பிஸ்டல் போட்டியில் பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவது இதே .32 லாங் தோட்டாதான், முனை தட்டையான குண்டோடு. தோட்டாவிடம் குறையில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் துப்பாக்கியில் ஃப்ரண்ட் சைட்டுக்கும் பின் பள்ளத்துக்கும் நடுவே 125 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பள்ளத்துக்குள் ஃப்ரண்ட் சைட் ஒரே ஒரு மி.மீ. விலகினால் 15 மீட்டரில் குண்டு 120 மி.மீ. விலகும். 25 மீட்டர் என்றால் 200 மி.மீ., நிதானமாகச் சுடும் பிரிசிஷன் சுற்று அட்டையின் கறுப்பு வட்டத்தின் முழு விட்டமே அவ்வளவுதான். அதாவது நடுவைப் பார்த்துச் சுட்ட குண்டு கறுப்பைத் தாண்டி வெள்ளையில் போய் விழும். ஆனால் இரண்டு சைட்டும் ஒன்றோடொன்று சரியாக இருந்து, கை மொத்தமாக இரண்டு செ.மீ. ஆடினால் குண்டும் இரண்டு செ.மீ.தான் தள்ளிப் போகும். ஆரம்பத்தில் எல்லோரும் பயப்படுவது கை ஆட்டத்துக்கு. அது ஆடட்டும், யாருக்கும் ஆடாமல் நிற்காது. ஆட்டம் நிற்கும் கணத்துக்குக் காத்திருந்து 'இப்போ' என்று இழுக்கிறோமே, அந்த இழுப்புதான் சைட்டை ஒரு மி.மீ. நகர்த்துகிறது.

கண்ணாடி விஷயம் நிச்சயமாக உண்டு. ப்ரோக்ரஸிவில் கிட்டப்பார்வைக்கான பகுதி கீழே இருக்கிறது. ஃப்ரண்ட் சைட்டைத் தெளிவாகப் பார்க்க உங்களை அறியாமலே முகவாயைத் தூக்குவீர்கள், ஒவ்வொரு குண்டுக்கும் தலை வேறு கோணத்தில் நிற்கும். ஃப்ரண்ட் சைட் கூர்மையாகத் தெரிய வேண்டும், அட்டை மங்கலாகத் தெரிந்தால் போதும், இரண்டும் தெளிவாகத் தெரிய எந்தக் கண்ணுக்கும் வழியில்லை. கண் மருத்துவரிடம் கையை நீட்டிக் காட்டி, இந்தத் தூரத்தில் ஒரு பொருள் தெளிவாக வேண்டும் என்று சொல்லி ஒற்றைப் பவர் லென்ஸ் கேளுங்கள். தூரப்பார்வைப் பவரோடு அரையோ முக்காலோ கூட்டிக் கொடுப்பார்கள், அது போதும். எங்கள் ரேஞ்சில் ஒரு அங்கிள் இதை மட்டும் மாற்றினார், மூன்று வருஷப் புலம்பல் அன்றோடு போயிற்று.

வீட்டில் வெறும் ரிவால்வரில் ட்ரை ஃபயர், அதாவது தோட்டா இல்லாமல் ட்ரிகர் இழுப்பது, பழகுங்கள். தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது, வேறு அறையில் பூட்டி வையுங்கள், சிலிண்டரைத் திறந்து கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பாருங்கள். ஸ்நாப் கேப் என்கிற போலித் தோட்டா போட்டுக்கொண்டு வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து, குறியே இல்லாமல், ஃப்ரண்ட் சைட்டை மட்டும் பார்த்து டபுள் ஆக்‌ஷனில் ஒரே சீராக இழுங்கள். பாதியில் நிறுத்தி, சிலிண்டர் பூட்டுகிற சத்தம் கேட்ட பிறகு மிச்சத்தை இழுக்கிற பழக்கம் வேண்டாம். அந்த மிச்சத்தில்தான் வெடுக்கென்று இழுப்பது வரும். தினம் பத்து நிமிஷம் போதும், அதற்கு மேல் விரல் சோர்ந்து தப்பையே பழகும்.

பிடியைப் பற்றி ஒன்று மட்டும்: பின் பக்கம் எவ்வளவு உயரமாகப் பிடிக்க முடியுமோ அவ்வளவு உயரம். பிஸ்டல்காரர்களைப் பார்த்து இடது கட்டைவிரலை முன்னால் நீட்டி வைக்காதீர்கள். சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே இருக்கிற இடுக்கிலிருந்து வெடிக்கும்போது நெருப்பும் ஈயத் துகளும் பீறிடும், விரலைக் கிழித்துவிடும்.

மூர்த்தி:

ஞாயிறு போய் வந்தேன். சுபேதார் சார், காலில் விழுகிறேன்.

மூட்டையில் கை வைத்துச் சிங்கிள் ஆக்‌ஷனில் பன்னிரண்டு குண்டு. பத்து நடுவைச் சுற்றி இரண்டு அங்குல வட்டத்துக்குள். எனக்கே நம்ப முடியாமல் அட்டையை போட்டோ எடுத்தேன். அப்புறம் காலி கேஸ் கலந்து டபுள் ஆக்‌ஷன். முதல் இழுப்பே காலி. பேரல் நுனி ஏதோ மீன் தூண்டில் முங்குவது போல முங்கியது. பக்கத்தில் நின்ற பையன் சிரித்துவிட்டான். அன்றைக்கு முழுவதும் அதையே செய்தேன், கடைசி அரை மணியில் முங்கல் குறைந்தது, போகவில்லை.

ஆனால் ஒன்று புரியவில்லை. மூட்டையில் சுட்ட பன்னிரண்டில் பத்து சேர்ந்தது என்றேனே, மீதி இரண்டும் வலது மேல் பக்கம் மூன்று அங்குலம் விலகி, பக்கத்தில் பக்கத்தில். சுடும்போது தப்பு செய்ததாக உணர்வே இல்லை. ஆறு ஆறாகச் சுட்டேன், ஒவ்வொரு ஆறிலும் ஒன்று. அதுவும் கைதானா?

ரவி, ஓக்லா டூல் ரூம்:

ஆறில் ஒன்று, இரண்டு முறையும் ஒரே இடத்துக்கு என்றால் கையாக இருக்க வாய்ப்புக் குறைவு. கை அவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்யாது சார். ரிவால்வர் என்பது ஒரு பேரலுக்கு ஆறு அறை. ஆறும் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து பேரலுக்கு நேரே நிற்க வேண்டும். அதில் ஒன்று ஒழுங்காக வந்து நிற்கவில்லை என்றாலோ, ஒன்றின் வாய் மற்றவற்றை விடக் குறுகலாகவோ ஈயம் படிந்தோ இருந்தாலோ ஆறில் ஒன்று தனியாகப் போகும்.

மார்க்கர் பேனாவால் சிலிண்டரின் வெளியே 1 முதல் 6 வரை எழுதுங்கள். ஆறு சின்ன அட்டை வையுங்கள், முதல் அறைக் குண்டு எல்லாம் முதல் அட்டைக்கு, இரண்டாவது இரண்டாவதற்கு. அறைக்கு ஐந்து குண்டு, மூட்டையில் கை வைத்து. முப்பது தோட்டா செலவாகும், வலிக்கும், ஆனால் சந்தேகம் தீரும்.

அதற்கு முன் வீட்டில் தோட்டா இல்லாமல் செய்யக்கூடிய ஒன்று. சிலிண்டர் மேல் ஒரு விரலை லேசாக உரசுவது போல வைத்துக்கொண்டு ஹேமரை மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹேமர் பின்னால் போய் நிற்கும்போதோ அதற்கு முன்போ சிலிண்டர் 'டக்' என்று பூட்டிவிட வேண்டும். ஆறு அறைக்கும் பாருங்கள். எதிலாவது ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டாமல் கையால் தள்ளினால்தான் பூட்டுகிறது என்றால், அந்த அறை முழுதாக வரவில்லை. குண்டு பேரலின் வாயில் ஒரு ஓரத்தை உரசிக்கொண்டுதான் நுழையும். பக்கத்தில் நிற்பவர்கள் மேல் ஈயத் துகள் தெறிக்கிறது என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா?

இன்னும் இரண்டு. காலி கேஸைத் தள்ளுகிற நட்சத்திரத் தட்டுக்குக் கீழே எரியாத மருந்துத் துகள் சிக்கியிருந்தாலும் சிலிண்டர் இறுகி ஒரு இடத்தில் சிணுங்கும், டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு அப்புறம் சோதியுங்கள். அட்டையில் ஓட்டை வட்டமாக இருக்கிறதா, சாவித் துவாரம் போல நீளமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நீளமாக இருந்தால் குண்டு பக்கவாட்டில் புரண்டு போகிறது, பேரலில் ஈயம் அப்பியிருக்கலாம் அல்லது பேரலுக்கு அந்தக் குண்டு சின்னதாக இருக்கலாம்.

அந்த அரம் யோசனைக்கு ஒரு கணக்கு: நாலு அங்குலத்தைச் சரிசெய்ய சைட்டில் ஏறக்குறைய முக்கால் மி.மீ. தேய்த்திருப்பீர்கள். தப்பித்தீர்கள்.

மூர்த்தி:

ரவி, உங்கள் வாய்க்குச் சர்க்கரை. நட்சத்திரத் தட்டின் கீழே கரியாக இருந்தது, சுத்தம் செய்தேன், அதனால் எதுவும் மாறவில்லை. விரல் வைத்துப் பார்த்தபோது ஐந்து அறை பூட்டுகிறது, நாலாவது மட்டும் கடைசி மயிரிழையில் நிற்கிறது, விரலை எடுத்துத் தள்ளினால் 'டக்'. முப்பது தோட்டா செலவழிக்க மனசில்லாமல் நாலாவதற்கும் ஒன்றாவதற்கும் மட்டும் ஐந்து ஐந்து சுட்டேன். ஒன்றாம் எண் அட்டை அழகாக இருக்கிறது. நாலாம் எண் அட்டையில் ஐந்தும் வலது மேல். தெறிப்பு பற்றிப் பக்கத்து லேன் பையனிடம் கேட்டேன், "அங்கிள், உங்கள் பக்கத்தில் நின்றால் அவ்வப்போது கன்னத்தில் ஏதோ குத்தும், சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள் என்று சொல்லவில்லை" என்கிறான்.

ரவி, ஓக்லா டூல் ரூம்:

இனி அதைச் சுடாதீர்கள். சிலிண்டரைத் தள்ளிச் சுற்றுகிற சின்ன நெம்புகோல் தேய்ந்திருக்கும், அல்லது அது தள்ளுகிற பல் ஒன்று தேய்ந்திருக்கும். நீங்களே திறக்க வேண்டாம், என்னைப் போல லேத் வைத்திருக்கிற ஆளிடமும் கொடுக்க வேண்டாம், சட்டப்படி தப்பு. பழுது பார்க்க லைசென்ஸ் உள்ள கடைக்கு உங்கள் லைசென்ஸோடு எடுத்துப் போங்கள், "நாலாவது அறை பூட்டவில்லை" என்று இந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். "குறி சரியில்லை" என்று சொன்னால் அங்கேயும் யாராவது அரத்தை எடுப்பார்கள்.

மூர்த்தி:

கொடுத்தாயிற்று, மூன்று வாரம் என்கிறார்கள். இப்போதுதான் முங்கல் குறைந்து வந்தது, விட்டால் திரும்ப வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. லைசென்ஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் .22 ரிவால்வர் இருக்கிறது. அவர் வீட்டுக்குப் போய் அதில் ட்ரை ஃபயர் பழகலாமா ஷாலினி மேடம்?

ஷாலினி, ஆர்.கே. புரம்:

வெறுமனே வேண்டாம் சார். .22 தோட்டாவுக்குப் பற்றவைக்கிற மருந்து அடி விளிம்பில் இருக்கிறது, அதனால் அதை அடிக்கிற ஊசி விளிம்பில்தான் அடிக்கும். அறையில் ஒன்றும் இல்லை என்றால் பல துப்பாக்கிகளில் அது நேராக இரும்பு ஓரத்தில் அடித்து, ஊசியும் கெடும், அறை வாயும் கெடும். நண்பரும் கெட்டுப் போவார். .22-க்கென்று விற்கிற ஸ்நாப் கேப் வாங்கி, அது நசுங்க நசுங்க மாற்றிக்கொண்டே பழகினால் செய்யலாம். இல்லையென்றால் அவரோடு ரேஞ்சுக்குப் போய் அவர் பக்கத்திலேயே நின்று அந்த .22-ல் நிஜத் தோட்டாவும் காலி கேஸும் கலந்து சுபேதார் சார் சொன்னதையே செய்யுங்கள். காலி கேஸ் அறை மாறிச் சுற்றும்போது ஊசி ஏற்கெனவே நசுங்கிய இடத்திலேயே விழும்படி வைக்காமல் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள்.

சுபேதார் (ஓய்வு), முனிர்கா:

இயர் மஃப் வாங்கினீர்களா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே.